உறைமேல் எழுதும் பெயர்

பவானியாறு வந்து கலக்கப்பெற்று, ஈரோட்டைக் கடந்து, தென்கிழக்காக ஒழுகும் காவிரியின் இடக்கரையில் ஜேடர்பாளையம் என்னும் ஊர் உள்ளது. இன்று அது நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது; 1997ஆம் ஆண்டில் அம்மாவட்டம் தோன்றும் வரையில் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அங்கு ஆற்றின் குறுக்கே அமைந்த படுகையணையிலிருந்து இராஜ வாய்க்கால் பிரிகின்றது. பரமத்தியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அல்லாள இளைய நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் அதனை வெட்டுவித்தார் என்பர். அவ்வாய்க்காலின் நீரால் வாழையும் வெற்றிலைக் கொடியும் கரும்பும் தென்னையும் தழைத்து நிற்கின்றன. கரும்பு வெட்டும் பருவத்தில் அவ்வழியே செல்வோரை வெல்லம் காய்ச்சும் மணம் நெடுந்தொலைவிலேயே எதிர்கொள்ளும்.

இத்தகைய ஊரில் ஒருவர்க்கு உறவினர் எழுதும் கடிதம், பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருப்பினும் உரியவரிடம் சென்று சேர்ந்துவிடும். வாய்க்கால்மேட்டு வீட்டுப் பெரியவர் என்று எழுதினாலும் போதும். பிள்ளைப் பருவத்தில் இட்ட செல்லப் பெயரை எழுதினாலும் போதும். எந்தப் பெயர் எந்த வீட்டைக் குறிக்கும் என்பது அஞ்சற்காரருக்கு மனப்பாடம். அறிந்தவர்க்கு எழுதும்போது பெயரில் நேரும் பிழையை அன்பு பொறுத்துக்கொள்ளும். முன்பின் அறியாதவர்க்கு எழுதும்போதோ, பொறுத்துக்கொள்வதற்கு அங்கே அன்பு இல்லை. உறைமேல் எழுதிய பெயர் ஒன்றே எழுதுபவர்க்கும் பெறுபவர்க்கும் இடையே உள்ள முதல் தொடர்பாகும்.

ஜேடர்பாளையத்தை அடுத்த ஊரொன்றில் ஒரு பள்ளி தன் ஐம்பதாம் ஆண்டு விழாவைக் கொண்டாட முற்படுகின்றது என்று கொள்க. பழைய மாணவர் அனைவர்க்கும் அழைப்பு விடுக்க வேண்டும். உயர்வகுப்பு மாணவர் சிலர் அப்பணியை மேற்கொள்கின்றனர். அவர் கையில் பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கின்றது. பெயர், தந்தை பெயர், சாதி, சமயம், பிறந்த நாள் ஆகிய எல்லாம் அதில் அழகிய கையெழுத்தில் வரிசையாக உள்ளன. இன்றைய முகவரிகளையும் ஒருவாறு திரட்டிவிட்டனர். பதிவேட்டில் உள்ள பெயரைப் பார்த்து உறைமேல் எழுதவேண்டியதுதானே, வேறு என்ன வேலை இருக்கின்றது என்று அவர்க்குத் தோன்றும். இடர் அங்கேதான் தொடங்குகின்றது.

பதிவேடு பொய் சொல்வதில்லை. ஆயினும் அது நாற்பது ஆண்டுகட்கு முன்னர் மெய்யாக இருந்ததையே சொல்கின்றது. அன்று சாதிப் பட்டத்தோடு பதியப்பெற்றவர் இன்று அதனைக் களைந்திருக்கலாம். பெற்றோர் இட்ட வடமொழிப் பெயரை ஒருவர் தமிழ்ப் பெயராக மாற்றிக்கொண்டிருக்கலாம். மற்றொருவர் சமயம் மாறிப் புதுப்பெயர் பூண்டிருக்கலாம். முகவரி திரட்டியபோது கணவர் பெயரோடு கிடைத்த ஒரு பெண்மணியின் பெயர், அவர் தம் வாழ்விலிருந்து விலக்கிவிட்ட பெயராக இருக்கலாம். ஆண்பிள்ளை என்று பதியப்பெற்ற ஒருவர் இன்று திருநங்கையாக வேறு பெயரோடு வாழ்ந்துவரலாம். இவர்கள் வாசலில் ஒருநாள் அழைப்பு வந்து விழுகின்றது. எடுத்துப் பார்த்தால், பல்லாண்டு முயன்று கடந்து வந்த பழைய பெயர் உறையின்மேல் எழுதப்பட்டிருக்கின்றது! அதைக் கண்டவர் முகம் மலருமா? அழைத்தவர் எண்ணம் நல்லதே. அழைக்கப்பட்டவர் நெஞ்சமோ புண்படுகின்றது. அதனினும் தீங்கு யாதெனின், அவ்வுறையை அவர் காணுமுன் பிறர் பலர் கண்டிருத்தல் கூடும்.

பெயரை மாற்றிக்கொள்வது வெறும் விளையாட்டு என்று எண்ணுவோர் தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாற்றை நோக்குதல் வேண்டும். ஜேடர்பாளையத்திற்கு ஆற்றின் மேற்புறமாக உள்ள ஈரோட்டில் பிறந்தவர் தந்தை பெரியார். அவர் தம் பெயரின் இறுதியில் இருந்த 'நாயக்கர்' என்னும் சாதிப் பட்டத்தை 1927ஆம் ஆண்டில் தம் 'குடி அரசு' இதழில் நீக்கிவிட்டார். 1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதியைக் காட்டும் பட்டங்களை மக்கள் விட்டுவிடவேண்டும் என்று தீர்மானித்தது. அதன் பின்னர்த் தமிழ்நாட்டில் எண்ணிறந்தோர் பெயரின் வால் அறுந்தது. எனினும், அவர் துறந்த பட்டத்தைப் பல ஆண்டுகள் வரையில் ஏடுகள் பலவும் விடாது எழுதிவந்தன. சில பழக்கத்தால் எழுதின. சில வேண்டுமென்றே எழுதின. பெறுபவர்க்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். பழக்கமா பகையா என்பதை உறையின்மேல் உள்ள எழுத்து எடுத்துரைப்பதில்லை.

நாகப்பட்டினத்தில் 1876ஆம் ஆண்டில் பிறந்த வேதாசலம் என்பார் 1916ஆம் ஆண்டில் மறைமலை ஆயினார். 'வேதம்' மறையாயிற்று, 'அசலம்' மலையாயிற்று. அவர் நடத்திய 'ஞானசாகரம்' என்னும் இதழ் 'அறிவுக்கடல்' என்று பெயர் பெற்றது. தம் மக்கள் பெயரையும் அவர் விட்டுவைக்கவில்லை. திருஞானசம்பந்தம் என்னும் மகனை அறிவுத்தொடர்பு என்றும், மாணிக்கவாசகம் என்பவரை மணிமொழி என்றும் வழங்கினார். நாற்பதாம் அகவையில், நாடறிந்த சொற்பொழிவாளராய் விளங்கிய ஒருவர் தம் பெயரைத் துறப்பதென்றால் அது எளிய செயலன்று. பெற்ற புகழ் முழுவதும் பழைய பெயரின்மேல் அன்றோ இருந்தது? மறைமலையடிகள் என்று அறிந்தபின் ஒருவர் வேதாசலம் என்று உறைமேல் எழுதினால், அவ்வடிகளின் வாழ்நாட் கொள்கையை அஞ்சல்தலை ஒட்டி மறுத்ததாகும்.

இதன் மறுபக்கத்தையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். இராஜ வாய்க்காலோடு இணைந்த பாசனத்தின் கடைப்பகுதியில் மோகனூர் உள்ளது. அவ்வூரில் 1888ஆம் ஆண்டில் பிறந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1949ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசின் அரசவைக் கவிஞராக அமர்ந்தவர் அவர். நாட்டு விடுதலைக்குப் பாடிச் சிறை சென்ற அவர் தம் பெயரோடு 'பிள்ளை' என்பதையும் வழங்கிவந்தார். இன்றைய பாடநூல்கள் சில அதனை நீக்கி எழுதுகின்றன. பலர் படிக்கும் நூலில் சாதிப் பெயர் வேண்டா என்பது பொதுநலம் கருதிய கொள்கை. அதனைப் பற்றி ஈண்டு ஆராய்தல் வேண்டுவதில்லை. உயிரோடு இருக்கும் ஒருவர்க்கு அனுப்பும் மடல் பாடநூல் ஆகாது. அவர் விரும்பி வைத்துக்கொண்டதை வெட்டுவதற்கும், அவர் வெறுத்து விட்டதை ஒட்டுவதற்கும் முன்னறியாத ஒருவர்க்கு உரிமை இல்லை. சீர்திருத்தம் செய்ய விரும்புவோர் தம் பெயரிலிருந்து தொடங்கலாம்.

தமிழ் கற்றோரிடையே மற்றொரு பழக்கம் உண்டு. பிறர் பெயரில் உள்ள வடவெழுத்துகளைக் களைந்து எழுதுதல் அது. ராஜேஸ்வரி என்று கையொப்பமிடும் பெண்மணிக்கு 'இராசேசுவரி' என்று எழுதி விடுப்பர். இராஜாஜியையே 'இராசாசி' என்று எழுதினோர் உண்டல்லரோ? வடவெழுத்தை ஒருவி, தமிழ் எழுத்தால் அமைத்துக்கொள்க என்னும் கருத்துத் தொல்காப்பியத்திலேயே உள்ளது. அவ்விதியை மறுப்பார் யாரும் இலர். ஆனால் அது செய்யுளில் சொற்களை ஆளுதற்கு எச்சவியலில் கூறப்பட்ட விதி. ஒருவர்க்கு எழுதும் முகவரி செய்யுளா? 'ஜேடர்பாளையம்' என்னும் ஊர்ப்பெயரே ஜகரத்தில் தொடங்குகின்றது. இலக்கணம் கருதி அதனைச் 'சேடர்பாளையம்' என்று எழுதினால் அறிந்தவர் சிரித்துவிட்டு விடுவர். ஊர்க்கு உள்ளம் இல்லை. ஆதலின் அதற்கு நோகாது. ஒரு மனிதர் தம் பெயரை எவ்வெழுத்தால் எழுதிக் கையொப்பமிடுகின்றாரோ அவ்வெழுத்தே அவர் பெயர்க்கு இலக்கணம். மறைமலையடிகள் தம் பெயரைத் தாமே மாற்றினார். அதனால் அது பெருமையாயிற்று. அதனையே அவர் அண்டை வீட்டார் பெயருக்குச் செய்திருப்பின் பெருமையாகுமா?

புகழ்ந்து சேர்க்கும் அடைமொழியும் சிலர்க்குத் துன்பம் தருவதுண்டு. காந்தியடிகளை நாடெங்கும் மகாத்மா என்று அழைத்தனர். கடிதங்களிலும் அவ்வாறே எழுதினர். அப்பட்டம் தமக்குப் பலகாலும் வருத்தமே அளித்தது என்று அவர் தம் வாழ்க்கை வரலாற்றின் முன்னுரையில் எழுதியுள்ளார். அன்பினால் சூட்டிய பட்டமே அவ்வாறாயின், பழைய பதிவேட்டைப் பார்த்துச் சூட்டும் பட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

பெண்பாலார் பெயரை எழுதுவோர் இன்னும் விழிப்பாக இருத்தல் நன்று. முன்பின் அறியாத பெண்மணிக்கு எழுதும்போது 'திருமதி' என்று எழுதுவதா, 'செல்வி' என்று எழுதுவதா என்று பலர் தடுமாறுவர். ஆடவர்க்கு மணமாயினும் ஆகாவிடினும் 'திரு' ஒன்றே போதுமாக இருக்கின்றது; பெண்ணுக்கு மட்டும் உறைமேலேயே அவர் இல்லறச் செய்தியை எழுதிவிடுகின்றனர்! சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, தந்தை பெயரின் முதலெழுத்தை நீக்கிக் கணவர் பெயரின் முதலெழுத்தைத் தாமாகவே சேர்த்து எழுதுவர். தந்தையின் எழுத்தை வைத்துக்கொள்வதும், கணவரின் எழுத்தை மேற்கொள்வதும், தாயின் எழுத்தையும் சேர்த்துக்கொள்வதும், எழுத்தே இன்றிப் பெயரை மட்டும் வழங்குவதும் அவரவர் விருப்பம். அது தெரியாத இடத்துத் தமிழ்மொழி ஓர் எளிய வழியை வைத்திருக்கின்றது. பெயரை எழுதி, அதன்பின் 'அவர்கள்' என்று எழுதினால் போதும். அச்சொல் ஆணையும் பெண்ணையும் பிரிப்பதில்லை; மணமானவர், ஆகாதவர், துணையை இழந்தவர் என்று எவரையும் வேறுபடுத்துவதுமில்லை; மதிப்பை மட்டும் காட்டும். இதனை ஒத்த பொதுச்சொல் இன்மையால் இடர்ப்படும் மொழிகள் உலகில் பல உள்ளன.

திருநங்கையர்க்கும் திருநம்பியர்க்கும் இச்செய்தி உயிர்ச்செய்தி. பெற்ற பெயரோடு வாழ இயலாமையால் வீட்டையும் ஊரையும் விட்டு வெளியேறியவர் அவருட் பலர். புதிய ஊரில், புதிய பெயரில், அரிதின் முயன்று ஒரு வேலையும் ஒரு வாடகை வீடும் பெற்றிருப்பர். பழைய பெயரைத் தாங்கிய ஓர் உறை வீட்டுரிமையாளர் கையில் கிடைத்தால் அவ்வீடு அவர்க்கு நிலைக்குமா? தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே அறிவித்துக்கொள்ளும் உரிமையுடையர் என்று இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிடும் முறையும் நெடுங்காலமாக உண்டு. அரசு அலுவலகங்கள் அரசிதழைக் கேட்கலாம். அது அவற்றின் கடமை. விழாவுக்கு அழைக்கும் மாணவர் கேட்கவேண்டுவது ஒன்றே: 'தங்கள் பெயரை எவ்வாறு எழுதவேண்டும்?' இக்கேள்வியால் சினந்தவர் உலகில் இலர்.

பெயர் சரியாக அமைந்துவிட்டது. அத்துடன் பணி முடிந்ததா? உறைக்குள் இருக்கவேண்டியது உறைக்கு வெளியே தெரிதல் கூடாது.

தமிழர் இதனை மிகப் பழங்காலத்திலேயே ஓர் இலக்கிய நெறியாக வகுத்துள்ளனர். சங்கப் பாடல்கள் அகம் என்றும் புறம் என்றும் இருவகைப்படும். புறப்பாடல்கள் மன்னர் பெயரையும் ஊரையும் வெளிப்படையாகப் பாடும். அகப்பாடல்களோ தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று பொதுவாகக் கூறுமேயன்றி, இன்னார் என்று ஒருவர் பெயரைச் சுட்டுதல் ஆகாது. தொல்காப்பியத்தின் அகத்திணையியல் இவ்வரம்பை விதிக்கின்றது. உள்ளத்து உணர்ச்சியை உலகோர் அறியப் பாடலாம். அவ்வுணர்ச்சிக்கு உரியவர் யார் என்பதை உலகோர் அறிதல் ஆகாது. காதலைப் பாடுவதற்குக் கூசாத புலவர், காதலரைக் காட்டிக்கொடுப்பதற்குக் கூசினர்.

இவ்வரம்பு எத்துணை நுட்பமானது என்பதனை நெடுநல்வாடை காட்டும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அந்நூலை இயற்றியவர் நக்கீரர். கூதிர்காலத்து இரவில், கணவன் போர்ப்பாசறையில் இருக்க, அரண்மனையில் தனித்து வருந்தும் அரசியை அது பாடுகின்றது. அரசன் பெயர் நூலில் யாண்டும் இல்லை. அரசி பெயரும் இல்லை. பிரிவுத்துயர் பேசப்படுதலால் அகம் என்றே எவரும் கொள்வர். ஆயின் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனைப் புறம் என்றார். காரணம் யாது? பாசறையில் அரசனோடு செல்லும் வீரன் ஏந்திய வேலின் தலையில் வேப்பந்தார் கட்டியிருந்ததாக ஓரிடத்தில் வருகின்றது. வேம்பு பாண்டியர் அடையாளப் பூ. பூவைக் கண்டவர் குடியை அறிவர். குடியை அறிந்தவர் ஆளை அறிவர். பெயர் சொல்லப்படவில்லை, எனினும் ஆள் சுட்டப்பட்டுவிட்டான் என்பது அவர் கருத்து. நெடிய பாட்டில் ஒரு பூ, அகத்தைப் புறமாக்கிவிட்டது!

கடிதம் அனுப்புவோர் இந்த வேப்பம்பூவை மறவாதிருத்தல் நலம். மருத்துவமனையொன்று நோயாளிக்கு அனுப்பும் உறையின்மேல் நோயின் பெயர் எழுதப்படுவதில்லை. ஆயினும் இன்ன நோய்க்குரிய மருத்துவமனை என்று மூலையில் அச்சிட்டிருந்தால் போதும்; அதனைக் கையில் வாங்கும் அண்டை வீட்டார் முழுவதும் அறிந்துகொள்வர். கடன் கொடுத்த நிலையம் 'இறுதி அறிவிப்பு' என்று உறையின்மேல் சிவந்த எழுத்தில் அச்சிடுவதும் அத்தகையதே. உதவித்தொகை பெறும் மாணவர்க்குப் பள்ளி அனுப்பும் உறையில் அவர் இன்ன வகுப்பினர் என்பதனைக் காட்டும் திட்டத்தின் பெயரை எழுதுவதும் அவ்வாறே. எழுதியவர் எதனையும் வெளியிட எண்ணவில்லை. வேலின் தலையில் ஒரு பூ மட்டும் இருந்துவிட்டது.

உறையே இல்லாத கடிதத்திற்கு இவ்விடர் இன்னும் மிகுதி. அஞ்சலட்டை 1869ஆம் ஆண்டில் ஆஸ்திரிய-ஹங்கேரி நாட்டில் முதன்முதல் வழங்கப்பெற்றது. இந்தியாவில் 1879ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று கால் அணா விலையில் விற்பனைக்கு வந்தது. ஏழைக்கும் எட்டும் விலையாதலின் நாடு முழுவதும் விரைவில் பரவியது. எழுத்தறியாதவர் மிகுந்திருந்த அக்காலத்தில், கொண்டுவந்த அஞ்சற்காரரே அட்டையைப் படித்துக் காட்டுவதும் உண்டு; திண்ணையில் இருப்போர் அனைவரும் கேட்பர். பிறப்பும் இறப்பும் பெண் பார்க்க வரும் நாளும் அவ்வாறே ஊரறிந்தன. உறவினர்க்குள் அதனால் பெரும் கேடு நேரவில்லை. முன்னறியாதவர்க்கு எழுதுவோர் அட்டையை எடுக்குமுன் ஒருகணம் எண்ணுதல் வேண்டும்: இதில் எழுதுவதனை அவர் வீட்டு வாசலில் நின்று உரத்த குரலில் சொல்ல இயலுமா? இயலுமாயின் அட்டை போதும். இயலாதாயின் உறை வாங்கியே தீரவேண்டும்.

முடங்கல் என்பது கடிதத்தைக் குறிக்கும் பழஞ்சொல். ஓலையை முடக்கிச் சுருட்டி, அதன்மேல் மண் இலச்சினை இட்டு விடுப்பர். சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இருமுறை முடங்கல் எழுதினாள். முதல் முறை வசந்தமாலை என்னும் தோழி கொண்டுசென்றாள். கோவலன் அதனை வாங்க மறுத்தான். அவள் வற்புறுத்தவில்லை, வாடிய முகத்தோடு மீண்டாள். கடிதத்தை ஏற்காதிருத்தலும் பெறுபவரின் உரிமை என்பதனை அத்தோழி அறிந்திருந்தாள். வேண்டா என்று ஒருமுறை மறுத்தவர்க்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் விளம்பரம் விடுப்போர் அவளிடம் கற்கவேண்டியது உண்டு.

இரண்டாம் முடங்கலைக் கொண்டுசென்றவன் கோசிகன் என்னும் அந்தணன். மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலனைக் கண்டான். ஆனால் அடையாளம் தெரியவில்லை. துன்பத்தால் உருமாறியிருந்தான் கோவலன். 'நீர் கோவலன்தானோ, மாதவி உமக்கு ஓலை விடுத்திருக்கின்றாள்' என்று கோசிகன் கேட்டிருக்கலாம். அவன் வேறொருவனாக இருப்பின், ஒரு பெண்ணின் அந்தரங்கம் வழிப்போக்கன் ஒருவன் செவியில் விழுந்திருக்கும். கோசிகன் அவ்வாறு செய்யவில்லை. அருகே படர்ந்திருந்த மாதவிக் கொடியை நோக்கி, கோவலனைப் பிரிந்து வாடும் மாதவியைப் போல நீயும் வாடினாயோ என்று தனக்குள் பேசுவான்போலப் பேசினான். அதனைக் கேட்டவன் திரும்பி வந்து, நீ கூறியது யாது என்று வினவினான். உரியவன் இவனே என்று தெளிந்த பின்னரே கோசிகன் செய்தியை உரைத்து முடங்கலைக் கொடுத்தான். ஓலை கொண்டுசெல்வோன் உரியவரை இவ்வாறு அறிந்த திறம் வியப்புக்குரியது. இலச்சினையில் மாதவியின் கூந்தல் மணம் கமழ்ந்தது என்று இளங்கோவடிகள் கூறுகின்றார். இலச்சினை உடையாமல் வந்தமையால் அன்றோ அம்மணமும் உடன்வந்தது!

படித்த பின் கோவலன் அம்முடங்கலைத் தன் பெற்றோரிடம் காட்டுமாறு கோசிகனிடமே கொடுத்துவிட்டான். ஒருவர் எழுதிய கடிதத்தைப் பிறர்க்குக் காட்டுதல் முறையோ என்று மாணவர் வினவலாம். அம்முடங்கலின் சொற்கள், பிழை பொறுக்குமாறு பெரியோரைப் பணிந்து வேண்டுவனவாக அமைந்திருந்தன; தான் பெற்றோர்க்குச் சொல்லவேண்டியதற்கும் அவை பொருந்தக் கண்டே அவன் கொடுத்தான். மாதவிக்கு இழிவு தரும் சொல் ஒன்றும் அதில் இல்லை. இருந்திருப்பின் அச்செயலைப் பற்றிக் கற்றோர் வேறு கூறியிருப்பர்.

முகவரியும் ஒருவகை முடங்கலே. பள்ளி விழாவுக்கென்று நம்பிக் கொடுத்த முகவரியைத் துணிக்கடைக்காரர் விற்பனை அறிவிப்புக்கெனக் கேட்டால் கொடுத்தல் தகாது. கட்சிக்காரர் கேட்டாலும் கொடுத்தல் தகாது. நற்செயலுக்கு நன்கொடை திரட்டுவோர் கேட்டாலும், உரியவரைக் கேளாமல் கொடுத்தல் தகாது. மின்னஞ்சல் வழியாக அழைப்பு விடுப்போர் இருநூறு பேர் முகவரியையும் ஒரே வரிசையில் இட்டுவிடுகின்றனர். ஒவ்வொருவர்க்கும் மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பதின்மர் முகவரியும் தெரிந்துவிடுகின்றது. ஒருவர் மற்றவர்க்குத் தெரியாதவாறு முகவரிகளை மறைத்து இடும் இடம் மின்னஞ்சலில் தனியே உண்டு; பயன்படுத்துவோர்தாம் குறைவு. கைப்பேசி எண்களைக் கேளாமலே ஒரு குழுவில் சேர்த்துவிடுவதும் இதனோடு ஒக்கும். பழைய ஊரிலிருந்து எவரோ ஒருவர் தம்மைத் தேடாதிருக்க வேண்டும் என்பதற்காகவே ஊர் மாறி வாழும் பெண்கள் உண்டு. அந்த வரிசையில் அவரும் இருக்கலாம். அவரைத் தேடுபவரும் இருக்கலாம்.

தனிமறைவு என்பது அரசியலமைப்பு அளிக்கும் அடிப்படை உரிமையே என்று 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பு வழங்கினர். கருநாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு அது. கடமைக்கு மாறாகப் பிறர் கடிதத்தைத் திறக்கும் அஞ்சல் பணியாளர்க்கு ஈராண்டு வரையில் சிறை என்று 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் விதித்திருந்தது. அதற்கு மாற்றாக 2023ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அத்தண்டனைப் பிரிவு இடம்பெறவில்லை. மேலும், அப்பழைய சட்டம் தண்டனை கூறியது உறையைப் பிரிப்பது போன்ற செயல்களுக்கே. உறைமேல் பெயரைத் தவறாக எழுதியவர்க்கு அது தண்டனை கூறவில்லை.

அனுப்புபவர் தம் முகவரியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பெறுபவரும் கிடைக்காமல், அனுப்பியவர் முகவரியும் வெளியே காணப்படாத கடிதத்தை, எவர் அனுப்பியது என்று அறியும்பொருட்டு அதற்கென அமைந்த அலுவலகத்தில் திறந்து பார்ப்பது அஞ்சல் துறையின் நெடுநாள் வழக்கம். எவர் கண்ணும் படலாகாது என்று ஒட்டிய உறை, அனுப்பியவர் சோம்பலால் அங்கே பிரிக்கப்படும். ஆதலின் உறையின் இடப்புறத்தில் அனுப்புநர் முகவரியைத் தவறாது எழுதுதல் வேண்டும். நிலையத்தின் பெயரே பெறுபவரின் மறைவை வெளியிட்டுவிடுமாயின், அப்பெயரை விடுத்துக் கதவெண், தெரு, ஊர், 1972ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ஆறிலக்க அஞ்சல் குறியெண் ஆகியவற்றை மட்டும் எழுதினாலும் கடிதம் பிரிபடாமல் திரும்பி வந்துவிடும். 'அப்பெயருடையார் இங்கு இல்லை' என்று குறிக்கப்பட்டுத் திரும்பி வந்த உறையைக் கண்டால், அதே பெயரை எழுதி மறுபடியும் அனுப்புதல் வேண்டா. அவ்வீட்டில் அவர் இருக்கலாம், அப்பெயரில் இல்லாதிருக்கலாம்.